அந்த விலாசத்தில் அப்படி ஒருத்தி

சுங்கை சிப்புட், பேராக்
14.6.1987

மதிப்புக்குரிய தைலம்மாள் அவர்களுக்கு,

வணக்கம். என் பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். நல்லவிதமாகக் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். இருபத்தோரு வருஷமாக அரங்கநாதனுக்குச் சமைத்துப் போடுகிறவள் நான். அவருடைய மனைவி என்று உங்களுக்கு எழுத எனக்குக் கை வரவில்லை.

ஏப்ரல் கடைசியில் ரப்பர் தோட்டத்து லாரியை ஓட்டிக்கொண்டு போனவர், பாதி வழியில் ஓரங்கட்டிவிட்டு அப்படியே சாய்ந்துவிட்டார். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. ஈப்போ பெரிய மருத்துவமனையில் ஒரு மாதம் வைத்திருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இன்னொரு தடவை வந்தால் உடம்பு தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

போன வாரம் முழுக்க இடது கையால் கட்டிலுக்கு அடியில் இருக்கும் தகரப் பெட்டியையே காட்டிக்கொண்டிருந்தார். திறந்து பார்த்தேன். பழைய விண்ணப்பப் பாரம் ஒன்றும் அதில் குத்திவைத்த ஒரு பெண்ணின் படமும் இருந்தன. எண்ணெய் வழிய வாரிய தலை, பயந்த கண். பின்புறம் உங்கள் பெயரும் ஊரும். படத்தை வாங்கி நெஞ்சில் வைத்துக்கொண்டு அழுதார். அவர் அழுது நான் அதுவரை பார்த்ததில்லை.

உங்களைப் பார்க்க ஆசைப்படுகிறார். வருவீர்களா? கப்பல் இப்போது ஓடுவதில்லை, விமானம்தான். டிக்கெட்டை நானும் என் மகள் ஷாலினியும் எடுத்து அனுப்புகிறோம். வர மனமில்லை என்றாலும் ஒரு வரி எழுதுங்கள். அவருக்குப் படித்துக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
விஜயலட்சுமி


வடக்கனந்தல்
3.7.1987

விஜயலட்சுமிக்கு,

கடிதம் கிடைத்தது. தபால்காரர் வெளிநாட்டு ஸ்டாம்பைப் பார்த்துவிட்டுத் தெருமுனையிலிருந்தே சத்தம் போட்டுக்கொண்டு வந்தார். நான் உறையைப் பிரிப்பதற்குள் ஊரே படித்துவிட்ட மாதிரி ஆகிவிட்டது.

சமைத்துப் போடுகிறவள் என்று எழுதியிருக்கிறாய். ரொம்ப அடக்கம்தான். நான் இங்கே இருபத்தேழு வருஷமாக யாருக்கும் சமைத்துப் போடாதவள். கல்யாண வீட்டில் என்னைச் சுமங்கலிகளோடு உட்காரச் சொல்ல மாட்டார்கள், தாலியறுத்தவர்களோடும் சேர்க்க மாட்டார்கள். எங்கே உட்காருவது என்று தெரியாமல் நேராக அடுப்பங்கரைக்குப் போய்விடுவேன். அதனாலேயே இந்த ஊரில் சாம்பார் வைப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை.

உன் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். இரண்டு நாள் கழித்து அந்தப் படத்தை மட்டும் நினைத்துக்கொண்டேன். அது கள்ளக்குறிச்சியில் எடுத்த படம். எடுக்கிறவன் "சிரிமா" என்று சொல்லிக்கொண்டே இருந்தான்.

வருகிறேன். உனக்காக இல்லை. என்னென்ன காகிதம் வேண்டும் என்று விவரமாக எழுது. நான் அஞ்சாவது வரைக்கும் படித்தவள்தான். இங்கிலீஷ் பாரமெல்லாம் ரிட்டயர் வாத்தியார் கண்ணாயிரம் எழுதித் தருவார்.

தைலம்மாள்


சுங்கை சிப்புட்
20.7.1987

அன்புள்ள தைலம்மாள் அவர்களுக்கு,

நீங்கள் வருகிறேன் என்று எழுதியதைப் படித்துக் காட்டினேன். இன்னொரு முறை படிக்கச் சொல்லிக் கை காட்டினார். நான்கு முறை படித்தேன். மிக்க நன்றி. நீங்கள் எனக்காக வரவில்லை என்ற வரியை மட்டும் அவருக்குப் படிக்கவில்லை.

விசாரித்ததை எழுதுகிறேன். முதலில் பாஸ்போர்ட். வயதுக்கு அத்தாட்சி, ரேஷன் கார்டு, படங்கள் கேட்பார்கள். உள்ளூர்ப் போலீஸ் வந்து, நீங்கள் அந்த விலாசத்தில்தான் இருக்கிறீர்களா என்று விசாரித்து எழுதிய பிறகுதான் பாஸ்போர்ட் கொடுப்பார்கள். அதன் பிறகு விசா. அதை மெட்ராஸில் எங்கள் நாட்டு அலுவலகத்தில் வாங்க வேண்டும். பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும், திரும்பிவரும் டிக்கெட் கையில் இருக்க வேண்டும், இங்கிருந்து அழைக்கிறவர் கடிதம் கொடுக்க வேண்டும். அந்தக் கடிதத்தில் நீங்கள் எனக்கு என்ன உறவு என்று எழுத வேண்டும்.

அதில்தான் ஒரு சங்கடம். பாஸ்போர்ட் பாரத்தில் கணவர் பெயர் என்று ஓர் இடம் உண்டாம். அதில் ஒன்றும் எழுதாமல் தகப்பனார் பெயரை மட்டும் கொடுத்துவிட்டால், தூரத்து உறவு என்று நான் எழுதிவிடுவேன். யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். தவறாக நினைக்க வேண்டாம்.

விஜயலட்சுமி


வடக்கனந்தல்
9.8.1987

விஜயலட்சுமிக்கு,

தவறாகத்தான் நினைத்தேன்.

அவர் சம்பாத்தியத்தில் ஒரு பிடி அரிசி நான் கேட்டதில்லை. அவர் முகம் எனக்கு அரைகுறையாகத்தான் ஞாபகம் இருக்கிறது. என்னிடம் இருப்பது ஒன்றே ஒன்று. ரேஷன் கார்டிலும் வோட்டர் லிஸ்ட்டிலும் நிலப் பட்டாவிலும் என் பெயருக்குப் பக்கத்தில் 'க/பெ அரங்கநாதன்' என்று இருக்கிறது. மனுஷனை நீ வைத்துக்கொண்டாய், எழுத்தாவது என்னிடம் இருந்துவிட்டுப் போகட்டும் என்று இருந்தேன். அதையும் ஒன்றும் எழுதாமல் விடச் சொல்கிறாயே, உனக்கு எப்படி மனசு வந்தது?

கண்ணாயிரம் வாத்தியாரும் உன் மாதிரியேதான் சொன்னார். "எதுக்கு வம்பு, வுட்டுடேன்" என்றார். நான் எழுந்து நின்றுவிட்டேன். "வாத்தியாரே, பாஸ்போர்ட்டு இல்லாட்டியும் போவுது, அந்தப் பேரை எழுதுங்க" என்றேன். எழுதினார். பாரம் மெட்ராசுக்குப் போய்விட்டது.

இனி உன் கடிதத்தில் என்ன எழுதுவாயோ எழுதிக்கொள். இல்லை, வர வேண்டாம் என்று சொல்லிவிடு. சாமை வாங்க மலைக்குப் போக வேண்டும், எனக்கு வேலை இருக்கிறது.

தைலம்மாள்


சுங்கை சிப்புட்
30.8.1987

அக்கா,

அப்படிக் கூப்பிடலாமா என்று தெரியவில்லை. கூப்பிட்டுவிட்டேன்.

உங்கள் கடிதத்தை அவருக்குப் படிக்கவில்லை. நானே பலமுறை படித்தேன். நீங்கள் எழுதியதில் ஒரு வார்த்தைகூட நியாயமில்லாதது இல்லை. என்னை மன்னிக்க வேண்டும்.

எனக்குப் பயம், அக்கா. அவர் பெயரில் இரண்டு பெண்கள் இருக்கிறோம் என்று தெரிந்தால், தோட்டத்து வீட்டுக்கும் அவர் சேமநிதிக்கும் யார் உரியவர் என்று கேட்பார்கள். ஷாலினி யாருடைய மகள் என்றுகூடக் கேட்பார்கள். அந்தப் பயத்தில் உங்கள் பெயரை மறைக்கப் பார்த்தேன். நான் உங்கள் இடத்தில் உட்கார்ந்திருக்கிறேன் என்பது எனக்குக் கல்யாணத்தன்றே தெரியும். "ஊரில் ஒருத்தி இருக்கிறாள், கூப்பிட்டேன், அவள் வரமாட்டேன் என்றுவிட்டாள்" என்று அவர் சொன்னார். எல்லா ஆண்களும் சொல்வதுதான் என்று நினைத்துக்கொண்டேன். நம்பவில்லை. நம்பாமலே கழுத்தை நீட்டினேன். எனக்கும் போக வேறு இடம் இல்லை.

மலை எது என்று எழுதுங்கள். என் தாத்தா தியாகதுருகத்துக்காரர். ஊரில் நின்றால் மேற்கே மலை தெரியும் என்பார். அதற்கு மேல் எனக்கு இந்தியாவைப் பற்றி ஒன்றும் தெரியாது.

நீங்கள் கட்டாயம் வர வேண்டும்.

விஜயலட்சுமி


வடக்கனந்தல்
14.10.1987

விஜயலட்சுமிக்கு,

சிரிக்கிறதா அழுகிறதா என்று தெரியவில்லை. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

நீ கேட்ட மலை கல்வராயன் மலை. உன் தாத்தா சொன்னது இதுதான். செப்டம்பர் நடுவில் அங்கே வெள்ளிமலைக்குப் போனேன். சடையன் என்று ஒருவர், வருஷா வருஷம் அவரிடம்தான் சாமை வாங்குவேன். போன மறுநாளே கீழே சாலை மறியல் ஆரம்பித்துவிட்டது. இடஒதுக்கீடு கேட்டு எங்கள் சனங்கள் ஒரு வாரம் ரோட்டில் மரங்களை வெட்டிப் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். பஸ் இல்லை. நான் மலையிலேயே மாட்டிக்கொண்டேன். ஒரு நாள் வளைவில் நின்று கீழே பார்த்துக்கொண்டிருந்தேன். சடையன் வந்து, "ஏம்மா, நீ ஏறப்போற ஏரோப்ளேனு இதுக்கு மேலயா போவும்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அப்ப கீழ பாக்காத" என்று சொல்லிவிட்டுப் போனார். இதுவரை எனக்குக் கிடைத்த யோசனையில் உருப்படியானது அதுதான்.

பஸ் விட்டதும் இறங்கி வந்தால், தெருவே என்னைப் பார்த்து ஏதோ சாதித்த மாதிரி சிரிக்கிறது. பக்கத்து வீட்டுப் பச்சையம்மாள் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தைலம்மா, நல்ல நேரம் நீ இல்ல. போலீசு வந்துக்கினு, கையில பேப்பரு வெச்சிக்கினு, தைலம்மா யாரு, வூடு எதுன்னு கேட்டாங்க. மறியல் கேஸுல ராத்திரியும் பகலும் ஆளப் புடிச்சிக்கினு இருக்கறாங்க, நாங்க சும்மா வுடுவமா? அப்படி ஒரு ஆளே இந்தத் தெருவுல இல்லன்னு அத்தினி பேரும் ஒரே வாயாச் சொல்லிட்டோம்!"

நான் திண்ணையில் உட்கார்ந்துவிட்டேன். அது மறியல் பேப்பர் இல்லை, என் பாஸ்போர்ட் பேப்பர். தெருவில் ஒருத்தருக்கும் நான் பாஸ்போர்ட் போட்டதைச் சொல்லவில்லை. நீ விசாரணை வரும் என்று எழுதியிருந்தாய். எனக்கும் மறந்துபோயிருந்தது. என்னைக் காப்பாற்றுகிறோம் என்று இல்லாமல் ஆக்கிவிட்டார்கள்.

நேற்று மெட்ராஸிலிருந்து கடிதம் வந்தது. விசாரித்ததில் அந்த விலாசத்தில் அப்படி ஒருவர் இல்லை என்று தெரியவருவதால் பாஸ்போர்ட் தருவதற்கில்லை என்று. அந்த விலாசத்தில் இல்லாத எனக்கு, அதே விலாசத்தில் தபால்காரர் கொண்டுவந்து கையில் கொடுத்து, கையெழுத்தும் வாங்கிக்கொண்டு போகிறார்.

பச்சையம்மாள் அழுகிறாள். அவளைத் திட்டவும் முடியவில்லை. எனக்காகப் போலீசிடம் பொய் சொன்னவளை எப்படித் திட்டுவது? மறுபடி விசாரிக்கச் சொல்லி வாத்தியார் எழுதியிருக்கிறார். படுத்திருக்கிறவரிடம் சொல், நான் வரத்தான் பார்க்கிறேன் என்று.

தைலம்மாள்


சுங்கை சிப்புட்
2.11.1987

அக்கா,

அவருக்குப் போன வாரம் காய்ச்சல். இப்போது பரவாயில்லை. ஆனால் சாப்பாடு குறைந்துவிட்டது. உங்கள் தெருக்காரர்கள் சொன்னதைப் படித்துக் காட்டினேன். வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டு ஒரு சத்தம் வந்தது. பயந்துபோய் ஷாலினியைக் கூப்பிட்டேன். பார்த்தால் சிரிக்கிறார்.

இதோடு அழைப்புக் கடிதம் வைத்திருக்கிறேன். இங்கிலீஷில் இருக்கிறது. வாத்தியாரைப் படிக்கச் சொல்லுங்கள். உறவு என்ற இடத்தில் உள்ளதை உள்ளபடி எழுதியிருக்கிறேன். 'என் கணவர் அரங்கநாதனின் முதல் மனைவி. நோயாளியான அவரைப் பார்க்க என் வீட்டுக்கு நான் அழைக்கிறேன்.' என் அடையாளக் கார்டு நகலும் வைத்திருக்கிறேன். ஒரு நகல் இங்கே குடிநுழைவு அலுவலகத்துக்கும் கொடுத்துவிட்டேன்.

வீட்டைக் கேட்டால் கேட்கட்டும். ஷாலினி சொன்னாள், "அம்மா, அவங்க பேரை எழுதாம அவங்களைக் கூப்பிட முடியாதும்மா" என்று. பதினெட்டு வயசுப் பெண்ணுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை.

சீக்கிரம் வாருங்கள். நாள் அதிகம் இல்லை.

உங்கள் தங்கை,
விஜயலட்சுமி


வடக்கனந்தல்
12.12.1987

அன்புள்ள விஜயா,

பாஸ்போர்ட் வந்துவிட்டது! நீலக் கலரில், கெட்டியாக, என் மூஞ்சியோடு வந்துவிட்டது. உள்ளே கணவர் பெயர் என்ற இடத்தில் அவர் பெயர் இருக்கிறது.

எப்படி வந்தது என்று சொல்கிறேன். போன மாதம் தெருப் பெண்கள் பதினோரு பேர் என்னோடு ஸ்டேஷனுக்கு வந்தார்கள். சாதாரண விஷயம் இல்லை. அதில் நாலு பேர் வீட்டு ஆம்பளைகள் மறியல் கேஸில் தலைமறைவு. ஸ்டேஷன் இருக்கிற பக்கமே போக மாட்டார்கள். பச்சையம்மாள்தான் முதலில் போய், "நாங்க பொய் சொல்லிட்டோம் சார், இதோ நிக்கிறாளே, இவதான் தைலம்மா" என்றாள். ஏட்டு ஏற இறங்கப் பார்த்தார். "அன்னிக்கு இல்லேன்னீங்க, இன்னிக்கு இருக்குறான்றீங்க. உங்க தெரு வாய எத நம்பறது? வேற தெருவுல ஒரு ஆளக் கூட்டியா" என்றார்.

வேற தெரு என்றால் காலனிதான் பக்கம். மறியலுக்குப் பிறகு எங்கள் தெருவுக்கும் காலனிக்கும் பேச்சு வார்த்தை இல்லை. அவர்கள் எங்கள் கொல்லையில் விவசாய வேலைக்கு வரவில்லை, நாங்கள் கூப்பிடவும் இல்லை. மறியலில் எங்கள் ஆட்கள் அவர்கள் குடிசைகளில் கை வைத்தார்கள், அதை நான் மறைக்கமாட்டேன். என் கொல்லையில் பதினஞ்சு வருஷம் வேலை செய்த பொன்னுரங்கமும் வருவதில்லை. அவர் வீட்டு வாசலில் போய் நின்றேன். இத்தனை வருஷத்தில் முதல் தடவை. என்ன சொல்வது என்று தெரியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன், உன்னைப் பற்றியும்.

அவர் உள்ளே போனார். சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். "வாங்க போவலாம்" என்றார்.

ஏட்டு அவரிடம், "உனக்கு இந்தம்மாவத் தெரியுமா?" என்று கேட்டார்.

"நல்லாத் தெரியுங்க. பதினஞ்சு வருஷமா இந்தம்மா கொல்லையில கூலி கம்மி, கூலி கம்மின்னு சண்ட போட்டுக்கினு இருக்கறேன். இல்லாத ஆளுகிட்டயா நான் சண்ட போட்டேன்?"

ஏட்டு சிரித்துவிட்டார். பேனாவை எடுத்தார். அந்தக் காகிதத்தில் பொன்னுரங்கம் கையெழுத்துப் போட்டதைப் பார்த்தபோது எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. என் தெருவே சேர்ந்து சொல்லியும் இல்லாமல் போனவளை, எங்களோடு பேச்சில்லாத தெருவின் ஒரு மனிதர் இருக்கிறாள் என்று எழுதிக் கொடுத்தார். திரும்பி வரும்போது, "ரொம்ப உபகாரம் பொன்னுரங்கம்" என்றேன். "கூலி கம்மிதான், அத மறந்துடாதீங்க" என்றார்.

விஜயா, உன் அழைப்புக் கடிதத்தை வாத்தியார் தமிழில் படித்துச் சொன்னார். சொல்லிவிட்டு மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். நீ எதைப் பணயம் வைத்து அதை எழுதினாய் என்று எனக்குத் தெரியும். நீ உண்மையை எழுதிவிட்டாய். இனி நான் எழுதாமல் இருந்தால் சோறு இறங்காது.

அவர் உன்னிடம் சொன்னது பொய் இல்லை. அவர் கூப்பிட்டார். மூன்று தடவை பயணக் காகிதம் அனுப்பினார். அந்தப் படம் நான் எடுத்து அனுப்பியதுதான். அதற்குமேல் என்னால் முடியவில்லை. எனக்குக் கடல் பயம். பதினெட்டு வயது. எட்டு நாள் தண்ணீர்மேல் போக வேண்டும் என்றார்கள். தை போகட்டும், அறுவடை போகட்டும் என்று எழுதிக்கொண்டே இருந்தேன். நாலாவது தடவை அவர் எழுதவில்லை. ஊரில் எல்லோரும் அவர் என்னைக் கைவிட்டுவிட்டார் என்று பேசினார்கள். நான் இல்லை என்று சொல்லவில்லை. பாவம் என்று பார்க்கப்படுவது பயந்தாங்கொள்ளி என்று பார்க்கப்படுவதைவிடச் சுலபமாக இருந்தது. இருபத்தேழு வருஷம் அவர் மேல் பழி விழ விட்டுவிட்டேன்.

நீ யார் இடத்திலும் உட்காரவில்லை. அது காலியாகத்தான் இருந்தது. இதை அவருக்கும் படித்துக் காட்டு.

உன் அக்கா,
தைலம்மாள்


சுங்கை சிப்புட்
28.12.1987

அக்கா,

படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டார். பிறகு இடது கையால் என் தலையைத் தொட்டார். கடிதத்தை மடித்து அவர் தலைமாட்டில் வைத்தேன்.

இருபத்தோரு வருஷமாக இந்த வீட்டில் நான் எதைச் சமைத்தாலும், உரியவள் ஒருத்தி அங்கே பசியோடு இருக்கிறாள் என்ற நினைப்பு போனதில்லை. நீங்கள் அந்தப் பாரத்தை இறக்கி வைத்துவிட்டீர்கள். யாரும் எனக்கு இப்படி ஒன்றைக் கொடுத்ததில்லை. நன்றி அக்கா.

டிக்கெட் இதோடு இருக்கிறது, போகவும் வரவும். பினாங்கில் நானும் ஷாலினியும் நிற்போம். நான் பச்சைச் சேலை கட்டியிருப்பேன்.

விஜயா


மெட்ராஸ்
12.1.1988

விஜயா,

அவசரமாக எழுதுகிறேன், விசா கிடைத்துவிட்டது. வாத்தியார் துணைக்கு வந்தார். அஞ்சாவது படித்தவள் என்பதால் வேலைக்குப் போகவில்லை, பார்க்கத்தான் போகிறேன் என்று இன்னோர் ஆபீஸில் வேறு எழுதி வாங்க வேண்டியிருந்தது. உங்கள் நாட்டு ஆபீஸில் இருந்த அம்மாள் தமிழ் பேசினார். உன் கடிதத்தை ஒரு தடவை படித்தார். என்னைப் பார்த்தார். திரும்பவும் படித்தார்.

"இவங்க கூப்பிட்டுத்தான் போறீங்களா?" என்றார்.

"ஆமாங்க, தங்கச்சிதான் கூப்டுது" என்றேன்.

முத்திரை குத்தினார். ஒரு மாதம். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். கீழே பார்க்க மாட்டேன்.

அக்கா


வடக்கனந்தல்
6.3.1988

அன்புள்ள விஜயாவுக்கும் ஷாலினிக்கும்,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் பச்சையம்மாள் வந்து காத்திருந்தாள். உடனே எழுத வேண்டும் என்று நினைத்தேன். பேனாவை எடுத்தால் உன் வீட்டு அடுப்படிதான் ஞாபகத்துக்கு வருகிறது. காலையில் 'பசியாறிட்டீங்களா அக்கா' என்று நீ கேட்கிற சத்தம் இல்லாமல் இங்கே எனக்கு விடியவே மாட்டேன் என்கிறது.

இருபது நாள் அவர் பக்கத்தில் இருக்க விட்டாய். முதல் நாள் என்னைப் பார்த்தார், கையில் இருந்த படத்தைப் பார்த்தார், திரும்ப என்னைப் பார்த்துப் பாதி வாயால் சிரித்தார். நரைத்துப் போயிட்டியே என்ற சிரிப்பு. நானும் சிரித்தேன். நான் "பயந்துட்டேன்" என்றேன். தெரியும் என்கிற மாதிரி தலையை ஆட்டினார். அதற்காகத்தான் நான் அத்தனை தூரம் வந்தேன். அது போதும் எனக்கு.

கஞ்சி கொடுக்கும் வேளை வந்தால் கரண்டியை என் கையில் கொடுத்துவிட்டு, துணி துவைக்க இருக்கிறது என்று நீ பின்பக்கம் போய்விடுவாய். அத்தனை துணி அந்த வீட்டில் இல்லை என்று எனக்குத் தெரியும் விஜயா.

அவர் கண்ணை மூடிய நாளை மட்டும் சொல்லிவிடுகிறேன். சடங்குக்கு வந்த பெண்கள் நேராக உன்னிடம் வந்தார்கள். அது அவர்கள் தப்பில்லை, அவர்களுக்கு உன்னைத்தான் தெரியும். நீ அழுதுகொண்டிருந்தவள் அழுகையை நிறுத்திவிட்டு, "பெரியவங்க உக்காந்திருக்காங்க, முதல்ல அவங்களைக் கேளுங்க" என்றாய். எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். எங்கள் ஊர்க் கல்யாணத்திலும் சாவிலும் எந்த வரிசையில் உட்காருவது என்று தெரியாமல் அடுப்பங்கரைக்கு ஓடினவளுக்கு, கடல் தாண்டி ஒரு வீட்டில் நீ இடம் காட்டினாய். அதற்கு நன்றி என்று எழுதினால் சின்னதாக இருக்கிறது. வேறு வார்த்தை எனக்குத் தெரியவில்லை.

பச்சையம்மாள், "அங்க உன்ன இன்னான்னு சொன்னாங்க?" என்று கேட்டாள். "பெரியவங்கன்னு சொன்னாங்க" என்றேன். ஒரு நாள் முழுக்க அதையே தெருவில் சொல்லிக்கொண்டிருந்தாள். போன வாரம் அவள் தங்கை வீட்டு வளைகாப்புக்குப் போனேன். அடுப்பங்கரைக்குப் போகவில்லை. நடு வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டேன். சாம்பார் சுமார்தான்.

அவர் என்னைக் கைவிடவில்லை, நான்தான் போகவில்லை என்று குழாயடியில் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். கேட்டுக்கொண்டார்கள். பிறகு குடத்தை நிரப்ப ஆரம்பித்தார்கள்.

நீ கொடுத்தனுப்பிய பிஸ்கட் டின் ஒன்றைப் பொன்னுரங்கத்திடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். "கூலிய ஒசத்தச் சொன்னா பிஸ்கட்டு தர்றீங்களே" என்றார். உசத்திவிட்டேன். திங்கட்கிழமையிலிருந்து வேலைக்கு வருகிறார்.

வீட்டைப் பற்றி ஏதாவது கேட்டார்களா? மறைக்காமல் எழுது. என் கையெழுத்து எங்கே வேண்டுமானாலும் போட்டு அனுப்புகிறேன், எனக்கு எதுவும் வேண்டாம் என்று.

அக்கா


சுங்கை சிப்புட்
10.4.1988

அன்புள்ள அக்கா,

வீட்டைப் பற்றிக் கேட்டார்கள். உங்கள் கையெழுத்துத் தேவைப்படவில்லை. தோட்டத்து நிர்வாகி நான் காட்டிய அழைப்புக் கடிதத்தின் நகலைப் படித்துவிட்டு, "நீங்களே எல்லாவற்றையும் எழுதிவிட்டீர்கள், இதில் நான் கேட்க என்ன இருக்கிறது" என்றார். ஷாலினிக்கு வேலை நிரந்தரமாகும் வரை இருந்துகொள்ளச் சொல்லிவிட்டார். மறைத்திருந்தால்தான் மாட்டியிருப்பேன்.

துணி துவைத்ததைக் கண்டுபிடித்துவிட்டீர்களா? நான் பின்பக்கம் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தேன். அவர் உங்களிடம் சிரிக்கிற சத்தம் கேட்கும். பொறாமையாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை.

நீங்கள் போன பிறகு சாப்பாட்டு மேசையில் மூன்று தட்டு வைத்துவிட்டு ஒன்றை எடுத்து வைக்கிறேன். ஷாலினி அதை வாங்கி அடுக்கி வைப்பாள். போன வாரம் அவளே கோலாலம்பூர் போய் இந்திய விசாவுக்குப் பாரம் வாங்கி வந்துவிட்டாள். ஜூன் மாதம் இரண்டு பேரும் வரலாமா? தியாகதுருகத்தில் என் தாத்தாவின் ஆட்கள் யாராவது இருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும், உங்கள் மலையை நேரில் பார்க்க வேண்டும், பொன்னுரங்கத்தையும் பச்சையம்மாளையும் பார்த்துக் கும்பிட வேண்டும்.

பாரத்தில் இந்தியாவில் தங்கும் விலாசம் கேட்டிருந்தார்கள். உங்கள் விலாசத்தை எழுதினேன். அங்கே இருப்பவர் பெயர், அவர் உங்களுக்கு என்ன உறவு என்று கேட்டிருந்தார்கள். போன வருஷம் அந்த ஒரு வரிக்காக உங்கள் மனதை எவ்வளவு புண்படுத்தினேன். இந்தத் தடவை பேனாவை எடுத்ததும் எழுதிவிட்டேன். அக்கா.

விஜயா


வடக்கனந்தல்
2.5.1988

விஜயா,

வரலாமா என்று கேட்கிறாயே, இதெல்லாம் ஒரு கேள்வியா? பின்கட்டை வெள்ளையடிக்கச் சொல்லிவிட்டேன். ஜூனில் மாம்பழம் முடிகிற நேரம், ஆனாலும் நாலு பழம் எடுத்து வைப்பேன். தியாகதுருகம் இங்கிருந்து கிட்டத்தில்தான். கள்ளக்குறிச்சியில் பஸ் மாறினால் போய்விடலாம். கோட்டை மலைமேல் ஏற வேண்டுமென்றால் ஷாலினியோடு நீ ஏறு, நான் கீழே குந்திக்கொண்டு பார்க்கிறேன். மலைக்கு மட்டும் நான் கூட வருவேன். சடையனுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். ஏரோப்ளேனில் கீழே பார்த்தேனா என்று அவருக்கு நான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. பார்த்துவிட்டேன். கடல் நீலமாக, சும்மா கிடந்தது. இதுக்கா பயந்தோம் என்று இருந்தது.

நேற்றுக் குழாயடியில் எல்லோரையும் நிறுத்தி வைத்து, "இன்னொரு தடவ யாராச்சும் பேப்பரு எடுத்துக்கினு வந்து, இந்த விலாசத்துல விஜயலட்சுமின்னு யாருன்னு கேட்டா இன்னா சொல்வீங்க?" என்று கேட்டேன்.

பச்சையம்மாள் குடத்தைக் கீழே வைத்தாள். போன தடவை செய்த தப்புக்கு வட்டி போட்டுத் திருப்பிக் கொடுக்கிற மாதிரி, தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள்:

"இருக்குறா சார். தைலம்மா தங்கச்சி. இந்த வூடுதான். கொல்லைக்குப் போயிருக்குறா, குந்துங்க, தோ வந்துடுவா!"

நீ இன்னும் டிக்கெட்கூட எடுக்கவில்லை. ஆனாலும் இந்த விலாசத்தில் நீ இருக்கிறாய். வா.

உன் அக்கா,
தைலம்மாள்